கழிமுகத்தில் அவளுக்கு வேலை

திருமணமான பிறகு நானும் என் மனைவியும் ஒரே வீட்டில் இருந்ததைவிடத் தொலைபேசியில் இருந்ததுதான் அதிகம். எனக்கு வேலை தில்லியில், லோதி ரோட்டில் உள்ள ஓர் அலுவலகத்தில். அவளுக்கு ஆந்திராவில், கோதாவரி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆய்வு நிலையத்தில். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே வேலைதான். ஆறு கொண்டுவந்து கொட்டும் மண்ணால் டெல்டா எப்படி வளர்கிறது, மண் வருவது குறைந்தால் எப்படிக் கரைந்துபோகிறது என்று கண்டுபிடிப்பது. நான் அதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கிறேன். அவள் முழங்கால் அளவு சேற்றில் நின்று பார்க்கிறாள்.

சென்னையில் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு மாணவர்களாகச் சேர்ந்தபோது பழக்கமானோம். நான் பாளையங்கோட்டை, அவள் நாகப்பட்டினம். முதல் களப்பயணத்தில் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் படகில் போனோம். முகத்துவாரத்தைத் தாண்டியதுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்தேன். அவள் ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அளவுகோலைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ கரையிலேயே இருந்துக்கப்பா. நான் மண்ண அள்ளிட்டு வந்து தர்றேன், நீ அதப் பார்த்து எழுது” என்றாள்.

அப்படித்தான் ஆயிற்று எங்கள் இரண்டு பேருடைய தொழிலும். எத்தனையோ மாத்திரைகள் போட்டுப் பார்த்தேன். படகு என்றாலே எனக்கு ஆகவில்லை. நான் கணினியில் உட்கார்ந்தேன்.

அவள் கத்தோலிக்கக் குடும்பம், நாங்கள் சி.எஸ்.ஐ. எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்று இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய குறை, மருமகள் என்னை ‘நீ’ என்று கூப்பிட்டது. “கூடப் படிச்சா என்னம்மா, மாப்பிள்ளைய நீ வா போன்னா பேசுவாவ?” என்று கேட்டாள். அவள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே, “ஏம்ப்பா, நீ சாப்டியா?” என்று என்னைக் கேட்டாள். அம்மா அதோடு விட்டுவிட்டாள்.

எங்கள் துறையில் வேலைகள் குறைவு. நாட்டில் எங்கேயாவது ஓர் இடம் காலியாகும், அதற்குப் போகவேண்டியதுதான். எனக்குத் தில்லியும் அவளுக்குக் கோதாவரியும் கிடைத்தபோது, “ஒரு வருஷம் பார்ப்போம்” என்று சொல்லிக்கொண்டோம். அடுத்த வருடமும் அதையே சொன்னோம். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டோம்.

மகள் பிறந்து, முதல் சில வருடங்கள் அம்மாவோடு கடற்கரையில் வளர்ந்தாள். பள்ளிக்குப் போகும் வயது வந்ததும் தில்லிக்கு அழைத்துவந்தேன். அந்த ஊரில் நல்ல பள்ளி இல்லை. இங்கே என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி இருந்தது. துவாரகாவில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து நானும் அவளும் காலையில் மெட்ரோவில் கிளம்புவோம். ராஜீவ் சௌக்கில் கூட்டத்தில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டி மாறுவோம். ஜோர்பாக்கில் இறங்கி நடந்து, அவளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு நான் அலுவலகம் போவேன். இரட்டைப் பின்னல் போட நான் கற்றுக்கொண்டது அந்த வருடம்தான். ஒரு பக்கம் எப்போதும் மேலே ஏறிக்கொள்ளும்.

சாயங்காலம் என் மனைவி போன் செய்வாள். பெரும்பாலும் கரைக்கு வந்துகொண்டிருக்கும் படகிலிருந்து. பேச்சோடு காற்றும் சேர்ந்து இரையும்.

“பாப்பா, சாப்டியாடி?”

“கா லியா மம்மி. நீங்க ஜல்தி வாங்க.”

“கா லியா இல்ல, சாப்டேன்னு சொல்லு.”

“அச்சா, சாப்டேன். நீங்க ஜல்தி வாங்க.”

பள்ளியில் எவ்வளவு தமிழ் படித்தாலும் அவசரத்துக்கு மகள் வாயில் இந்திதான் வந்தது. அம்மாவிடம் பேசும்போது மட்டும் தேடித்தேடித் தமிழ்ச் சொல் போடுவாள். பேசி முடித்ததும் போனை என்னிடம் தராமல் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். மறுமுனையில் படகின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு வருடம் கோதாவரியில் பெரிய வெள்ளம் வந்தது. மழைக்காலம் முழுவதும் மேகம் மூடியிருந்ததால் கடற்கரையின் படங்கள் எதுவுமே தெளிவாகக் கிடைக்கவில்லை. அக்டோபரில் வானம் திறந்து முதல் படம் வந்தபோது, முகத்துவாரத்துக்கு எதிரே, முன்பு வெறும் கடலாக இருந்த இடத்தில், நகக்கண் அளவு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பழைய படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். எதிலும் இல்லை. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“மணல்திட்டு மாதிரி ஒண்ணு தெரியுது. புதுசு.”

“வத்தமா இருந்திருக்கும்ப்பா. தண்ணி இறங்கின நேரத்துல எடுத்த படமா இருக்கும்” என்றாள். கடல் உள்வாங்கும் நேரத்தில் சாதாரண மேடுகூடத் தீவுபோலத் தெரியும். படம் எடுத்த நேரத்துக்கு அலைமட்டம் என்ன என்று பார்க்காமல் துள்ளிக் குதிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

“அதையும் பார்த்துட்டேன். நல்லா ஏறியிருந்த நேரம்.”

பக்கத்தில் யாரிடமோ படகு கிடைக்குமா என்று கேட்டாள். பிறகு, “நாளைக்குப் போயிட்டுச் சொல்றேன்” என்றாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். “இருக்குப்பா! நிக்கிறேன் அதுமேல. நண்டு வளை போட்டிருக்கு, பறவை இருக்கு. ஈரம் காயாத மணல். எனக்கு முன்னாடி ஒரு கால்தடம்கூட இல்ல.”

அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ரொட்டி டப்பாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த நான், மேசைக்குத் திரும்பிப் படத்தைத் திறந்தேன். அவள் நிற்கும் இடம் என் திரையில் தெரியும். அவள் தெரியமாட்டாள். அவள் உயரத்துக்கு ஒரு மனுஷி அந்தப் படத்தில் ஒரு புள்ளி அளவுக்குக்கூடத் தேறமாட்டாள்.

அதிலிருந்து அந்தத் திட்டு எங்கள் இரண்டு பேருடைய வேலையாகிவிட்டது. நான் மேலிருந்து அதன் கரையை வரைவேன். அவள் கீழே நடந்து அது சரிதானா என்று பார்த்துச் சொல்வாள். “கிழக்குப் பக்கம் நீ போட்ட கோடு தப்பு. அங்க எனக்கு இடுப்பளவு தண்ணி” என்பாள். மணல்மேல் அடம்பங்கொடி முதலில் படர்ந்ததை அவள் சொன்னாள். கரைக்குப் பக்கமிருந்த சேற்றில் கண்டல் செடி முளைத்ததை நான் அவளுக்கு முன்பே படத்தில் பிடித்துவிட்டேன். அதற்காக ஒரு வாரம் அவளிடம் அலட்டிக்கொண்டேன். கல்யாணமான மற்றவர்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி நாங்கள் அதைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு யோசித்தால், அந்தச் சில வருடங்கள்தான் நாங்கள் மிக நெருங்கி வாழ்ந்த வருடங்கள்.

ஒரு கோடை விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு போனேன். ரயிலில் சாமர்லகோட்டா வரை போய், அங்கிருந்து ஜீப். மறுநாள் காலையில் படகு. அலையில்லாத நேரமாகப் பார்த்து அவள் எங்களைக் கூட்டிப்போனாள். அப்படியும் நான் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் போனேன். மகளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் அம்மாவின் பிள்ளை.

திட்டில் இறங்கியதும் மகள் ஓடினாள். துவாரகா பூங்காவில் என்னிடமிருந்து தள்ளிப்போகப் பயப்படுகிறவள், அங்கே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து, “மம்மி, இது யாரோடது?” என்று கேட்டாள்.

“இன்னும் யாரோடதும் இல்ல.”

“தோ ஃபிர், அப்ப நம்மளோடதா?”

என் மனைவி சிரித்தாள். “நாமதான் மொதல்ல பார்த்தோம். அது போதும்.”

ஈரமான இடத்தில் நீளக் குழாய் ஒன்றைச் சேற்றுக்குள் இறக்கி, உருவி, நீளவாக்கில் பிளந்து மகளிடம் காட்டினாள். மேலே மணல், அதன்கீழே சாம்பல் நிறத்தில் வண்டல், மறுபடியும் மணல், அதற்கும் கீழே கருப்புச் சேறு. “ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒவ்வொரு பட்டை. இதெல்லாம் மகாராஷ்டிராவுலேர்ந்து, சத்தீஸ்கர்லேர்ந்து வந்த மண்ணு” என்றாள். மகள் மூக்கைக் கிட்டே கொண்டுபோய்விட்டு, “சீ, நாத்தம்!” என்று பின்வாங்கினாள். பிறகு மறுபடியும் வந்து முகர்ந்தாள். அன்றைக்கு முழுவதும் அம்மாவின் சேலைத் தலைப்பு அவள் கையில் இருந்தது. களத்துக்குச் சேலை கட்டாதவள், மகள் வருகிறாள் என்று அன்றைக்குக் கட்டியிருந்தாள்.

ரயிலில் திரும்பும்போது நாகபுரி வரை மகள் அழுதாள். நானும் அழுதிருப்பேன், எதிர் இருக்கையில் ஆட்கள் இருந்தார்கள்.

அதன்பின் மனைவியைத் தில்லிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. அவளும் சம்மதித்தாள். கேட்க வேண்டியவர்களைக் கேட்டோம். கடைசியில் எங்கள் அலுவலகத்திலேயே ஓர் இடம் உண்டாகி, மாற்றல் உத்தரவு வந்தது. தீபாவளிக்குப் பிறகான ஒரு நாள், இரண்டு பெட்டியும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸுமாக அவள் நிஜாமுதீனில் வந்து இறங்கினாள்.

அந்த முதல் மாதங்களை நான் மறக்கமாட்டேன். மூன்று பேராக மெட்ரோவில் போனோம். மகளின் இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் இருந்தன. சனிக்கிழமைகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நல்லெண்ணெயும் புளியும் அப்பளமும் வாங்குவோம். மீன் கடையில் அவள் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, “பையா, இது செத்து எவ்வளவு நாள் ஆச்சு?” என்று தமிழிலேயே கேட்பாள். கடைக்காரர் இந்தியில், “எல்லாம் இன்றைக்கு வந்தது மேடம்” என்பார். இரண்டு பேருக்கும் எதிராளி சொன்னது புரியாது. ஆனால் சிரிப்பார்கள். வீட்டில் மீன்குழம்பு வாசனை வந்தது. கதவைத் திறந்தால் அவள் இருந்தாள். இவ்வளவு வருடமும் இதற்குத்தானே ஏங்கினேன் என்று நினைத்துக்கொள்வேன்.

குளிர் இறுகியதும் புகைமூட்டம் வந்தது. அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி அவளுக்கும் ஒரு திரை கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கும் அதே படங்களை அவளும் பார்த்தாள். கோடு போட்டாள். அதைச் சரியா தப்பா என்று சொல்ல அங்கே கீழே யாரும் இல்லை. அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. நிலையத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அவள் ஒருநாள்கூடக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசியவள், எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது, “உப்பு போதுமா?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள். பூட்ஸைக் கழுவி, காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள்.

ஒரு கோடை போனது. மழைக்காலத்தில் வங்கக் கடலில் அடுத்தடுத்துப் புயல்சின்னங்கள் வந்தன. மறுபடியும் மேகம். படம் இல்லை. அவள் தினமும் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாகப் பார்ப்பாள். வெள்ளை மேகம்தான் இருக்கும். ஒரு நாள் காலையில் அவளுக்கு முன்பாக நான் உட்கார்ந்தேன். முகத்துவாரம் தெளிவாகத் தெரிந்தது. திட்டு இருந்த இடத்தில் கடல் இருந்தது.

அலைமட்டத்தைப் பார்த்தேன். தண்ணீர் இறங்கியிருந்த நேரம். அப்படியும் இல்லை.

அவள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளே பார்த்துக்கொண்டாள்.

“எங்க போயிருக்கும்?” என்றாள்.

“கரைஞ்சு போச்சு. மேல இருந்து புது மணல் வரல. அணையிலயே நின்னுருதுல்லா?”

“அது தெரியும்ப்பா. இருந்த மணல் எங்க போயிருக்கும்னு கேக்குறேன். அவ்வளவு மணலும் ஒண்ணுமில்லாமப் போயிடாது. எங்கியாவது போய்ப் படுத்திருக்கும். தண்ணிக்கு அடியில இருந்தா உன் படத்துல தெரியாது.”

அவள் குரலில் பழைய வேகம் வந்திருந்ததை அப்போது கவனித்தேன். அடுத்த நிமிடம் அது அடங்கிவிட்டது. “டீ வாங்கிட்டு வர்றேன்” என்று வெளியே போனாள். நெடுநேரம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் இரண்டு குவளை. இரண்டும் ஆறிக்கொண்டிருந்தன.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது மகள் என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்கு என் தோள் உயரம்.

“அப்பா, மம்மி அங்க இருந்தப்போ என்கிட்ட நிறைய பேசினாங்க. இங்க வந்து ரொம்ப தூரமா இருக்காங்க.”

“அப்படில்லாம் இல்லம்மா.”

“சச் மே அப்பா, நெஜமா. நீங்களும் பார்க்குறீங்க. எனக்குத் தெரியும்.”

மகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. சொல்லத்தான் தைரியமில்லை. என் மனைவியை இங்கே கொண்டுவர நான் எவ்வளவு நடை நடந்திருந்தேன்! இரண்டு நாள் மனதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சாயங்காலம், லோதி தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

“நீ திரும்பிப் போயேன்.”

அவள் நின்றுவிட்டாள். “நான் இங்க இருக்குறது உனக்குப் பிடிக்கலையா?”

“பிடிக்காமலா? உன்னை இங்க வச்சுக்கத்தான் எனக்கு ஆசை. ஆனா நீ இங்க இல்லையே.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு குடும்பம் துப்பட்டாவை விரித்து நிலக்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்ப்பதுபோல நின்றாள்.

“பாப்பா?”

“அவதான் மொதல்ல சொன்னா.”

அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். பொது இடத்தில் அழுகிற ஆள் இல்லை அவள். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்கி மூக்கைச் சிந்திவிட்டு, “நான் கெட்ட அம்மாவாப்பா?” என்றாள்.

“இல்ல. நீ நல்லா இருந்தாத்தான் அவ நல்லா இருப்பா. நானும் அப்படித்தான்.”

வீட்டுக்கு வரும்வரை என் கையை விடவில்லை. மெட்ரோவில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றபோதும் விடவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முன் அவள் போனாள். நிலையத்தைத் திறந்து, உள்ளே கூடுகட்டியிருந்த மைனாவை விரட்டாமல் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டாள். கடலடியை அளக்கும் கருவி ஒன்றை வேறொரு நிலையத்திலிருந்து இரவல் வாங்கினாள். மழைக்கு முன் அந்தக் கரையோரக் கடல் முழுவதும் படகைக் கோடு கோடாக ஓட்டிப் பார்த்தாள். மணல் வடக்கே போயிருந்தது. முகத்துவாரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, தண்ணீருக்கு அடியில் நீளமான முதுகுபோலக் கிடந்தது. அதைக் கண்ட அன்று அவள் போனில் பேசிய பேச்சை நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மகளும் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கரையோரக் கிராமம் ஒன்றைக் கடல் ஏன் வேகமாகத் தின்கிறது, பக்கத்து ஊரை ஏன் விட்டுவைத்திருக்கிறது என்பதற்கு அதில் பதில் இருந்தது: அந்த மணல்முதுகு அலையை முன்னாலேயே உடைத்துவிடும் ஊர் தப்பியிருந்தது. இப்போது அவளிடம் ஆய்வு மாணவிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் படகில் குமட்டுவதில்லை என்று பெருமையாகச் சொல்வாள்.

எங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்திருக்கிறாள். “எனக்கு ஆறும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஒரே ஊர்ல வேலை போதும்” என்கிறாள். சொல்லும்போது சிரிக்கிறாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் மனைவிக்காக ஏங்குவது நிற்கவில்லை. கூட இருந்த அந்த ஒரு வருடத்துச் சொச்சத்தில் ஏங்கியதைவிட இது பரவாயில்லை. அப்போது பக்கத்துத் தலையணையில் அவள் இருந்தாள். எங்கே போய்த் தேடுவது என்று தெரியாது. இப்போது அவள் இருக்கும் இடம் தெரியும். காலையில் எந்தப் படகில், எந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்பதுகூடத் தெரியும். சில நாட்கள் சமையல் முடிந்து, மகளும் படிக்க உட்கார்ந்த பிறகு, பேச ஆள் இல்லாமல் நெஞ்சு கனக்கும். ஓய்வு பெற்றதும் அங்கேயே போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். “வந்து என்ன பண்ணுவ? படகுல ஏற மாட்டியே” என்றாள். கரையில் இருப்பேன் என்றேன்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக அவள் தில்லிக்கு வந்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வெயிலில் கருத்துப்போய், காதோரம் நரைத்து, அழகாக இருந்தாள். பேச்சு முடிந்து எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வெளியே காத்திருந்து வீட்டுக்கு அழைத்துவந்தேன். இரண்டு இரவு இருந்தாள். மூன்று பேரும் ஓயாமல் பேசினோம். மகள் பெரியவளான பிறகு முதல்முறையாக அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் விமானம். விமான நிலையம் வரை வர வேண்டாம், பாப்பா கூட இரு என்று சொல்லிவிட்டு டாக்சியில் ஏறினாள். எங்கள் பால்கனிக்கு மேலேதான் விமானங்கள் தாழ்வாகப் போகும். நானும் மகளும் பால்கனியில் போய் நின்றோம். ஒன்று போனது. “இதுவா அப்பா?” என்றாள். தெரியவில்லை என்றேன். அடுத்தது வந்தது. அதுவும் தெரியவில்லை. வெயிலில் கண் கூசியது. உள்ளே போகலாம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. கையை நெற்றியில் குடைபோல வைத்துக்கொண்டு, போகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.